கடைச் சுவரில் சிவப்புக் கோடு

பொதுக் காரியத்துக்காகத் தனியார் நிலத்தை அரசு விலை கொடுத்து எடுத்துக்கொள்ள இந்தியாவில் முதன்முதலாக வழி வகுத்தது, வங்காளத்தில் 1824இல் வந்த முதலாம் ஒழுங்குமுறைச் சட்டம். கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாலைகளும் கால்வாய்களும் தேவைப்பட்ட காலம் அது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1839இல், பம்பாய்க்கென்று வந்த 28ஆம் சட்டம் தெருக்களையே குறி வைத்தது. பம்பாய், கொலாபா தீவுகளில் ஏற்கெனவே உள்ள தெருவை அகலப்படுத்தவும், திருத்தவும், புதிதாகத் தெரு போடவும் நிலம் எடுக்கலாம் என்றது அது. சென்னை மாகாணத்துக்கு 1852இல் தனிச் சட்டம் வந்தது. கடைத்தெருவில் கயிறு பிடித்து அளக்கும் சர்க்கார் ஆளும், கல்லாவை விட்டு எழுந்து வந்து அவரை மறிக்கும் கடைக்காரரும் ஏறக்குறைய இந்தச் சட்டங்களின் வயதே உடையவர்கள்.

மாகாணத்துக்கு ஒன்றாக இருந்த விதிகளை 1857ஆம் ஆண்டின் 6ஆம் சட்டம் ஒன்றாக்கியது. கலெக்டர் சொல்லும் தொகைக்கு உடையவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விவகாரம் மத்தியஸ்தர்களிடம் போகும். அவர்கள் சொன்னதே முடிவு. இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. மத்தியஸ்தர்களின் திறமையின் மீதும் நேர்மையின் மீதும் புகார்கள் குவிந்தன. 1870இல் வந்த சட்டம் விலைத் தகராறைச் சிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது; நீதிபதியோடு மதிப்பீட்டாளர்களும் உட்கார்ந்தார்கள். அதையும் மாற்றி எழுதியதுதான் 1894ஆம் ஆண்டின் முதலாம் சட்டம். அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அது, 2013 டிசம்பர் கடைசி வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகள் நாட்டை ஆண்டது. சாலை விரிவாக்கத்தை எதிர்த்த கடைக்காரர்களின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு சட்டத்தோடு நடந்த மல்லுக்கட்டுதான்.

அந்தச் சட்டத்தின் 23, 24ஆம் பிரிவுகளை நிதானமாகப் படிக்க வேண்டும். எதற்கெல்லாம் பணம் உண்டு என்று 23 சொல்கிறது. நிலத்தின் சந்தை மதிப்பு, பயிர், மரம், ஒரு பகுதியை வெட்டி எடுப்பதால் மீதிக்கு வரும் சேதம், உடையவரின் சம்பாத்தியத்துக்கு ஏற்படும் பாதிப்பு, தொழில் இடத்தை மாற்றிக்கொள்ள ஆகும் நியாயமான செலவு, எடுக்கப்போவதாக அறிவித்த நாளிலிருந்து கையில் எடுக்கும் நாள் வரை நிலத்தின் லாபத்தில் விழும் குறைவு. இவற்றோடு, வலுக்கட்டாயமாக எடுப்பதற்காகச் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் 15 பங்கு ஆறுதல் தொகை. படிக்கும்போது தாராளமாகத்தான் தெரியும். எவற்றையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அடுத்த பிரிவு சொல்கிறது. அந்தப் பட்டியலில் இரண்டாவதாக நிற்பது, நிலத்தை விட்டுப் பிரிய உடையவருக்கு இருக்கும் மனமின்மை. பாட்டன் திறந்த கடை என்பதும், பேரன் அதே பலகையில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றான் என்பதும் இந்த ஒரு வரியில் அடிபட்டுப்போயின. அறிவிக்கை வந்த பிறகு கலெக்டரின் அனுமதி இல்லாமல் செய்த மராமத்துக்கும் காசு கிடையாது. சாலை அகலமானபின் நிலம் என்ன விலை பெறும் என்பதையும் பேசக் கூடாது.

வயலுக்கும் கடைக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தக் கணக்கு சரியாகப் பிடிக்கவில்லை. ஐந்து ஏக்கர் வயலில் ஓரமாக ஒரு துண்டு சாலைக்குப் போனால் மீதி நிலத்தில் உழவு நடக்கும். பழைய கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை பத்தடி அகலமும் இருபதடி நீளமும் இருக்கும். முன்பக்கம் எட்டடி போகிறது என்றால், போவது திண்ணையும், தராசு நிற்கும் இடமும், வாங்க வருபவர் நிற்கும் இடமும். மிஞ்சும் பன்னிரண்டடி வெறும் கிடங்கு. அளவையில் ஐந்தில் இரண்டு பங்குதான் போயிருக்கும். வியாபாரத்தில் முழுக் கடையும் போயிருக்கும். மாடிப்படி முன்பக்கத்தில் இருந்தால் மேல்வீடும் சேர்ந்து போகும். இதை ஓரளவு உணர்ந்துதான் 49ஆம் பிரிவு ஒரு பிடியைக் கொடுத்தது: வீட்டையோ கட்டடத்தையோ பாதி மட்டும் எடுப்பதை உடையவர் ஏற்காவிட்டால், எடுத்தால் முழுவதும் எடு என்று அவர் கேட்கலாம். சட்டம் தெரிந்த வியாபாரிகளுக்கு இது நல்ல ஆயுதம். முழுக் கட்டடத்துக்கும் பணம் தர வேண்டியிருந்தால் திட்டத்தின் செலவு ஏறும்; கோட்டைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று அதிகாரிகளும் யோசிப்பார்கள்.

1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியதும் தெரு விரிவாக்கத்தின் வேகம் மாறியது. மாண்ட்வி துறைமுகப் பகுதியில் தொடங்கிய நோய்க்கு நெருக்கமான சந்துகளும் காற்றில்லாத வீடுகளும் காரணம் என்று அரசு கருதியது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. கடற்காற்று ஊருக்குள் வரட்டும் என்று நெரிசலான பேட்டைகளை வெட்டிக்கொண்டு பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை போன்ற அகலச் சாலைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டன. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பதில் தப்பில்லை. ஆனால் இடிபட்ட கட்டடங்களின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்தவர்களுக்கும், மேல்தளத்தில் குடியிருந்த கூலிக்காரர்களுக்கும் அதே தெருவில் மறுபடி இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. புது முகப்பின் வாடகை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

கல்கத்தாவில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மேம்பாட்டு டிரஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. தெருவுக்கு எவ்வளவு நிலம் வேண்டுமோ அதைவிட அதிகமாக, இருபுறமும் சேர்த்து எடுப்பது. சாலை போட்டு முடிந்ததும் விலை ஏறிய ஓர மனைகளை விற்றுச் செலவை ஈட்டிக்கொள்வது. கடைக்காரர்கள் கொதித்ததற்குக் காரணம் தெளிவு. தெருவுக்காகவே ஒருவரின் நிலம் போவது வேறு. அது போய், அதே இடத்தில் வேறொருவர் அதிக விலைக்குக் கடை கட்டுவது வேறு. வழக்குகள் நடந்தன. சாலைக்குத் தேவைப்படாத நிலத்தைப் பணம் ஈட்டுவதற்காக எடுக்க டிரஸ்டுக்கு அதிகாரம் இல்லை என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர் பக்கம் நின்றது. அந்த வெற்றி லண்டன் வரைதான் தாங்கியது. 1919இல் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் டிரஸ்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சாலையின் பலன் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்கு அன்று விழுந்த பதில், சாலையோரத்தில் ஏற்கெனவே இருந்தவருக்குப் பாதகமானது. நியாயப்படி அது தவறான பதில்.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் ஒரு மாற்றுக் குரலும் கேட்டது. ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்திருந்தார். 1914இல் கெடிஸின் கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் மீண்டும் சேகரித்து அனுப்பிய படங்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைக் காலால் நடந்து பார்த்து கெடிஸ் அறிக்கைகள் எழுதினார். வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு இழுத்து, குறுக்கே வந்ததையெல்லாம் இடிக்கும் முறையை அவர் கடுமையாக எதிர்த்தார். பாழடைந்த கட்டடத்தை மட்டும் எடுத்து, சந்து கூடும் இடத்தைக் கொஞ்சம் திறந்துவிட்டு, மற்றதைக் காப்பாற்றுவது அவருடைய முறை. அளவாக அறுக்கும் வைத்தியம் என்று அதைச் சொல்லலாம். செலவும் குறையும், ஊரை விட்டு எவரும் போக வேண்டியிராது என்று தஞ்சாவூரை வைத்து அவர் காட்டினார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. ஆனால் கெடிஸின் நிதானம் சட்டத்தில் ஏறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1923 வரை ஒரு பெரிய ஓட்டை இருந்தது. நிலத்தை எடுப்பதா வேண்டாமா என்பதில் உடையவர் வாய் திறக்கச் சட்டத்தில் இடமே இல்லை. எவ்வளவு தருவாய் என்று மட்டும்தான் பேசலாம். அந்த ஆண்டு சேர்க்கப்பட்ட ‘5ஏ’ பிரிவு, அறிவிக்கை வந்த 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுதித் தரவும், நேரிலோ வக்கீல் மூலமோ கலெக்டரிடம் சொல்லவும் உரிமை கொடுத்தது. இந்தச் சாலை இந்த அகலம் வேண்டுமா, மறுபக்கம் புறம்போக்கு இருக்கிறதே, மேம்பாலம் போதாதா என்றெல்லாம் கடைக்காரர் கேட்க முடிந்தது இதற்குப் பிறகுதான். கேட்டுக்கொள்ளும் கடமை அரசுக்கு உண்டு, ஒத்துக்கொள்ளும் கடமை இல்லை. அப்படியும் அது சின்ன உரிமை அல்ல. அதனால்தான் அவசரம் என்று சொல்லி 17ஆம் பிரிவின் கீழ் இந்த விசாரணையை அரசு ரத்து செய்தபோதெல்லாம் வழக்குகள் வந்தன. அந்த அவசரத்துக்குக் காரணம் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்ல நேர்ந்தது.

நில எடுப்பு இல்லாமலே தெருவை அகலப்படுத்தும் இன்னொரு வழி நகராட்சிச் சட்டங்களில் இருந்தது. பம்பாய் மாநகராட்சியின் 1888ஆம் ஆண்டுச் சட்டமும், சென்னை மாநகராட்சியின் 1919ஆம் ஆண்டுச் சட்டமும் தெருவுக்கு ஒரு எல்லைக் கோடு வகுக்க அதிகாரம் தந்தன. கோட்டுக்கு வெளியே நிற்கும் கட்டடம் உடனே இடிக்கப்படாது. அது தானாக விழுந்தோ, உடையவர் இடித்துக் கட்டியோ புதிதாக எழும்பும்போது பின்னுக்குத் தள்ளிக் கட்ட வேண்டும். பழைய கடைவீதி எதிலாவது முகப்புகளை வரிசையாகப் பார்த்தால், ஒரு கடை நாலடி உள்ளே போயிருக்கும், பக்கத்துக் கடை பழைய ஓட்டுக் கூரையோடு முன்னால் துருத்தி நிற்கும். எந்தக் குடும்பம் எப்போது இடித்துக் கட்டியது என்பதை அந்தக் கோணல் வரிசை சொல்லிவிடும். துருத்தி நிற்பவர் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. மராமத்து செய்தால் நாலடி போகும் என்பதால் ஒழுகும் கூரைக்குக் கீழே தார்ப்பாய் கட்டி வியாபாரம் செய்தவர் அவர்.

சுதந்திரத்துக்குப் பிறகு வாக்குவாதம் அரசியல் சட்டத்துக்கு ஏறியது. சொத்துரிமை அப்போது அடிப்படை உரிமை. மேற்கு வங்கத்தில் அகதிகள் குடியிருப்புக்காக எடுத்த நிலத்துக்கு 1946 டிசம்பர் 31ஆம் தேதி விலைக்கு மேல் தர முடியாது என்ற விதி, பேலா பானர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. இழப்பீடு என்றால் இழந்ததற்குச் சமமானது என்றது நீதிமன்றம். 1955இல் நான்காவது திருத்தம் அதை மட்டுப்படுத்தியது. சென்னை மாநிலம் 1961இல் செய்த திருத்தம் வீட்டுவசதித் திட்டங்களுக்கான நிலத்துக்கு ஆறுதல் தொகையை 15லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. நாளை என்ன விலை போகக்கூடும் என்ற எதிர்கால மதிப்பையும் கணக்கிலிருந்து நீக்கியது. வஜ்ரவேலு முதலியார் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. பக்கத்துப் பக்கத்து மனைகளில் ஒன்று வீட்டுக்காகவும் மற்றொன்று வேறு பொதுக் காரியத்துக்காகவும் போனால், ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்பதற்கு நியாயமில்லை என்பது அதன் சாரம். சாலைக்காக நிலம் இழப்பவருக்கும் இந்தச் சமத்துவம் பொருந்தும். 1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்து, 300ஏ பிரிவில் சாதாரணச் சட்ட உரிமையாக வைத்தது. 1984இல் நில எடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு ஆறுதல் தொகை 30 சதவீதமானது. இரண்டு ஆண்டுக்குள் தீர்வம் சொல்லாவிட்டால் நடவடிக்கை காலாவதி என்ற விதியும் வந்தது.

இத்தனை வாதத்திலும் ஓரமாகவே நின்றவர் வாடகைக் கடைக்காரர். கடைவீதியில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பல இடங்களில் கட்டட உரிமையாளர் அல்ல. மாத வாடகைக்கு இருப்பவரைப் பதினைந்து நாள் நோட்டீஸில் வெளியேற்றலாம் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் பொது விதி. அதனால் அவருடைய பாத்தியதை, இழப்பீட்டுத் தொகையைப் பங்கு வைக்கும்போது மெல்லிய நூலாகத்தான் தெரியும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமையாளரிடமிருந்து அவரைக் காத்தது. ஆனால் அரசு நிலத்தைக் கையில் எடுத்ததும் அது எந்த வில்லங்கமும் இல்லாமல் முழுமையாக அரசைச் சேரும் என்று 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொன்னதால் அந்தக் காப்பும் அங்கே அறுந்தது. அவர் கொடுத்த அட்வான்ஸ், அடித்த அலமாரி, போட்ட ஷட்டர், மாசக் கடைசியில் வசூலாகும் கடன் நோட்டு, ‘அந்த டைலர் கடைக்கு எதிர்த்தாப்பல’ என்று ஊர் அடையாளம் சொல்லும் பழக்கம் ஆகியவைதான் அவர் சொத்து. சர்வேயரின் புல வரைபடத்தில் இவற்றுக்குக் குறியீடு இல்லை. சட்டம் மண்ணுக்கும் சுவருக்கும் தரும் விலை காலப்போக்கில் கூடியது. அந்தச் சுவருக்குள் கட்டி எழுப்பிய வியாபாரத்துக்கு அதற்கேற்ப எதுவும் கூடவில்லை. ‘விலை பத்தாது’ என்ற புகாராக வெளியே கேட்ட எதிர்ப்புக்கு அடியில் பெரும்பாலும் இந்தக் குறைதான் இருந்தது.

இன்னொரு சொல்லும் கடைக்காரர்களை நடுங்க வைத்தது: ஆக்கிரமிப்பு. சென்னை மாகாணத்தின் 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி அரசு நிலத்தில் நீட்டிக் கட்டியதை அகற்றலாம். அதற்கு இழப்பீடு இல்லை. பட்டா நிலம் போனால் பணம் உண்டு. ஆகவே சுவரில் சிவப்பு மையால் கோடு போட்டுப் போனவர்கள், எடுக்கப்போகும் எல்லையைக் குறித்தார்களா, ஆக்கிரமிப்பின் எல்லையைக் குறித்தார்களா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் பிழைப்பு தொங்கும். ஆவணங்களோடு தாலுகா அலுவலகத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் அலைவது, மறு அளவை கேட்பது, கடையடைப்பு நடத்துவது என்று சங்கங்கள் இறங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நடைபாதையில் விற்பவர்களின் உரிமை தனி விஷயம்; அவர்களுக்கு 2014இல்தான் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது.

தேசிய நெடுஞ்சாலைகளில் நிலைமை மேலும் கடுமையானது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1997இல் சேர்த்த விதிகள் நில எடுப்பை வேகப்படுத்தின. அதே கையோடு பொதுச் சட்டத்தின் ஆறுதல் தொகையையும் அடைத்துவிட்டன. ஒரே ஊரில் மாநிலச் சாலைக்கு இடம் கொடுத்தவர் 30 சதவீதம் கூடுதலாக வாங்க, தேசிய நெடுஞ்சாலைக்குக் கொடுத்தவர் வெறும் மதிப்போடு நின்றார். தர்செம் சிங் வழக்கில் 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டைச் செல்லாது என்று சொல்ல 22 ஆண்டுகள் பிடித்தன. கேரளத்தில் போராட்டம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல, அகலத்தையே பற்றியது. ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி தெரியாமல் சாலையின் இருபுறமும் வீடும் கடையுமாகத் தொடரும் நிலம் அது. 60 மீட்டர் என்ற அகலத்தைக் கேரளம் 45ஆகக் குறைத்துக் கேட்டது. 2010இல் அனைத்துக் கட்சிக் கூட்டம் 30 மீட்டர் போதும் என்றது. மத்திய அரசு இணங்கவில்லை. 45 மீட்டரில் முடிந்த இழுபறியில், நிலத்தின் செலவில் நான்கில் ஒரு பங்கை மாநிலமே ஏற்க நேர்ந்தது.

பணத்துக்குப் பதிலாகக் கட்டட உரிமையைத் தரும் முறையும் முயலப்பட்டது. தெருவுக்கு விட்டுக்கொடுத்த நிலத்துக்கு ஈடாக வேறிடத்தில் கூடுதல் தளம் கட்டவோ, அந்த உரிமையை விற்கவோ சான்றிதழ் தருவது. பம்பாயின் 1991ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் இது இடம்பெற்றது, பெங்களூரும் பின்பற்றியது. பெரிய மனை வைத்திருப்பவருக்கு இதில் லாபம் இருக்கலாம். பத்தடிக் கடைக்காரருக்குச் சான்றிதழ் சோறு போடாது. பெங்களூர் அவென்யூ ரோட்டு வியாபாரிகள் எதிர்த்து நின்றதில் வியப்பில்லை.

2014 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதன்முதலாகச் சிறு வணிகரைப் பெயர் சொல்லி அழைத்தது. ஆறுதல் தொகை 100 சதவீதம் ஆனது. நகரத்தில் சந்தை மதிப்பின் இரண்டு பங்கு கையில் வரும். நிலம் எடுக்குமுன் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம். மூன்று ஆண்டுகளாக அந்த இடத்தை நம்பிப் பிழைத்து, பிழைப்பு பாதிக்கப்படும் குடும்பமும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதால் வாடகைக் கடைக்காரருக்கும் வாசல் திறந்தது. இரண்டாம் அட்டவணை, கைவினைஞருக்கும் சிறு வணிகருக்கும் ஒருமுறை உதவியாகக் குறைந்தது 25,000 ரூபாய் தர வேண்டும் என்கிறது. வாசல் திறந்தது உண்மை. தொகை போதாது என்பதும் உண்மை. ஒரு நல்ல கண்ணாடி ஷோகேஸுக்கே அந்தப் பணம் சரியாகிவிடும்.

தமிழ்நாடு தன் 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டம் உட்பட மூன்று சட்டங்களை 105ஏ என்ற பிரிவின் மூலம் இந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டது. இழப்பீட்டுக் கணக்கு புதுச் சட்டப்படி. சமூகத் தாக்க மதிப்பீடு இல்லை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மூன்று சட்டங்களின் கீழான நில எடுப்பைச் செல்லாது என்றது. சட்டமன்றம் அதே ஆண்டு ஒரு புதுச் சட்டத்தின் மூலம் அவற்றுக்கு மறுஉயிர் கொடுத்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2021 ஜூன் 29இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இன்றைய நிலையில் ஆட்சேபம் எழுதித் தர, தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் 21 நாளும், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதல்நிலை அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 60 நாளும் உண்டு. நிலத்தில் பாத்தியதை உள்ள எவரும் எழுதலாம். கடையை வாடகைக்கு எடுத்து நடத்துபவரும் அதில் சேர்த்தி.